தூக்கிச் சாத்தும் கதவு

ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து லேசாகத்தான் தட்டினான் என் மச்சான். அது பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. பழைய கார் ஒன்றுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன் முகத்தில் ஒரு கைப்பிடி துரு கொட்டியது. புரண்டு வெளியே வந்து, துப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, இங்க வண்டியே இல்ல. பெயிண்ட்தான் நின்னுக்கிட்டிருக்கு" என்றான். நான் பெயிண்டர். யாரோ அடித்த பெயிண்ட்தான் என்றாலும் கேட்கக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வண்டியின் சொந்தக்காரர் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். அவர் பதறவில்லை. சாயம் போகும் என்று தெரிந்தே துணி வாங்கியவர் மாதிரி தலையை ஆட்டினார். சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வந்த நாளெல்லாம் அந்த ஊசி இருந்தது, நூலின் நிறம்தான் மாறும். வண்டித் தகுதி ஆய்வுக்குக் கொண்டுபோன இடத்திலும் இதே மாதிரி தட்டிப் பார்த்தார்களாம், அங்கேயும் உள்ளே போய்விட்டதாம். அடிப்பாகத்தைச் சரிசெய்யாமல் இனி இதை ரோட்டில் இறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

டெய்லர் வண்டியைப் பற்றி அதிகம் பேசவில்லை. மனைவியைப் பற்றித்தான் பேசினார். அந்தம்மாவுக்குச் சில வருஷங்களாக நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. பெற்ற மகளைப் பார்த்து, "யார் வீட்டுப் பொண்ணு, லட்சணமா இருக்கே" என்கிறார். வீட்டுக்குள் புருஷனை, கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடுகிற மாதிரி, "டெய்லர்" என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் "என்னங்க" என்கிறார். ஹோட்டல்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தைத்த சீருடைகளை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் அவர் போன தூரம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு வண்டியில் ஏற மாட்டார். ஒரு தடவை ஆம்புலன்ஸை வரவழைத்து, நாலு பேர் கையையும் காலையும் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த நாலு பேரில் தானும் ஒருவன் என்று டெய்லர் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். இப்போது வயிற்றில் ஒரு கட்டி. எடுத்தாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி நாள் பயணம். தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

"அவளைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போற வேலை இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க. அவளா வந்து ஏறணும். வண்டி பழைய மாதிரியே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பழைய மாதிரியே இருக்கணும் என்பது எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோரும் சொல்வதுதான். புதுசு மாதிரி இருக்கணும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் அதை என் பங்குக்கு நிறம் என்று புரிந்துகொண்டேன். வெயிலில் வெளுத்துப்போன அந்த மங்கல் பச்சையையே கலந்து தருகிறேன், அந்தம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். ஸீட்டுத் துணியில் கைவைக்க வேண்டாம் என்றும் முடிவாயிற்று. மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடம். அது மச்சானுடைய ராஜ்யம்.

மச்சானுக்கு எங்கள் வட்டாரத்தில் மில்லி என்று பேர். குடிகாரன் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுவார்கள். அவன் காபிகூடக் குடிக்க மாட்டான். மில்லிமீட்டரிலிருந்து வந்த பேர் அது. என் கல்யாணப் படம் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று, தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் நேராக்கியவன். என் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன், எனக்குத் தொழில் கூட்டாளி. வெல்டிங்கும் தகடும் அவன், பள்ளத்தை நிரப்புகிற பட்டியும் பெயிண்டும் நான். அவன் ஒட்டிய இடத்தில் எனக்குப் பட்டி பூசுகிற வேலையே இருக்காது என்பதால், வெகுநாளாக அவன் உழைப்பில் நான் நோகாமல் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே அவன் டெய்லரிடம் ஒரு விஷயத்துக்கு முகம் சுளித்தான். உள்ளே பார்ப்பதற்காக அந்தம்மா உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்தவன், திரும்பச் சாத்தப் பார்த்தான். கதவு வண்டியின் தூணில் இடித்துத் திரும்பியது. "அப்படியில்லீங்க" என்று டெய்லர் வந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கித் தள்ளினார். முதல் தடவை பூட்டு விழவில்லை. இரண்டாம் தடவை கடக் கடக்கென்று இரண்டு சத்தம் கேட்டு மாட்டியது.

"இத்தனை வருஷம் இப்படித் தூக்கித் தூக்கியா சாத்துனீங்க?" என்று கேட்டான் மில்லி.

"பழகிடுச்சு. எனக்குத்தான் ரெண்டு தடவை ஆகும். அவளுக்கு ஒரே தடவைல விழும்" என்றார் டெய்லர்.

எல்லாம் அங்கேயே சொல்லியாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்கிக்கொண்டோம், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு எலும்பு தனி, சதை தனி என்று கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரைக்கும் ஒரு தகட்டுப் பெட்டி நீளமாக ஓடும். காலை வைத்து ஏறுகிற இடம் என்பதால் நாங்கள் அதைப் படி என்போம். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் வண்டியின் முதுகெலும்பு அதுதான். அது உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்தால் கதவு தொங்கும். மில்லி இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டு, கதவு இருந்த வாசலில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகளை வைத்து ஒட்டினான். படியை வெட்டும்போது உடம்பு மடங்காமல் இருப்பதற்கு அந்த முட்டு. முட்டு வைக்காமல் வெட்டிவிட்டு, அப்புறம் கதவு ஏன் சேரவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். மில்லி அந்த ரகமில்லை. முட்டு கொடுப்பதற்கு முன்னால் ஜாக்கியை வைத்து, ஒரு மூச்சு விடுகிற அளவு ஏற்றுவான், நூல் பிடித்துப் பார்ப்பான், மறுபடி ஏற்றுவான். தொய்ந்த வண்டியை இப்படியே நிமிர்த்தினான்.

பிறகு படியை வெட்டித் திறந்தோம். திறந்தவுடன் நான் சிரித்துவிட்டேன். உள்ளே முழுக்கத் துணி. வெட்டுத் துண்டுகள். நீலம், காக்கி, மெரூன், கோடுபோட்டது, கட்டம்போட்டது என்று சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வரிசையாக அதற்குள் அடைபட்டிருந்தன. வண்டி ஓடும்போது தகடு கடகடவென்று சத்தம் போடுகிறது என்று, துரு விழுந்த ஓட்டைகள் வழியாக டெய்லர்தான் குச்சியால் திணித்திருக்கிறார். சத்தம் நின்றுவிட்டதாம். நிற்காமல் என்ன செய்யும், மழைத் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு அந்தத் துணி உள்ளேயே உட்கார்ந்து இரும்பைத் தின்றிருக்கிறது. டெய்லர் சத்தத்தை அடக்கியதில் வண்டியே அடங்கிப்போக இருந்தது. இதைச் சொன்னபோது அவர் வெட்கப்பட்டார். குனிந்து ஒரு காக்கித் துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, நெய்தது எந்த மில் என்று சொன்னார்.

அந்தம்மா கால் வைக்கும் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளங்கை நுழையும். அதன்மேல் டெய்லர் பழைய பெயர்ப்பலகைத் தகரத்தை வைத்து, மேலே ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார். மில்லி அந்த விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நடுவிலும் கதவுப் பக்கமும் புதுசாகவே இருந்தது. டிரைவர் பக்கத்து ஓரத்தில் மட்டும் தேய்ந்து, அடியில் இருக்கும் துணி தெரிந்தது. தகரத்தின் மேல் நம்பிக் கால் வைக்க யாருக்குத்தான் மனசு வரும். முழங்காலைத் திருப்பி, இரண்டு பாதத்தையும் அந்த ஓரத்தில் ஒடுக்கிக்கொண்டே அத்தனை ஊருக்கும் போய் வந்திருக்கிறார்.

மில்லிக்கு அது என்னவோ செய்துவிட்டது. அவன் வாயால் இரக்கம் என்று வராது, வேலையில்தான் வரும். அந்தத் தரைத் துண்டைப் புதிதாக அடித்தான். பழைய தகட்டில் வலுவுக்காக அழுத்தியிருந்த மேடு பள்ளக் கோடுகளைப் புதுத் தகட்டில் சுத்தியலாலேயே கொண்டுவந்தான். கடையில் கிடைக்கிற தகட்டில் இந்தக் கோடுகள் இருக்காது, இருந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை, மேலே விரிப்பு வந்துவிடும் என்று நான் சொன்னேன். அவன் காதே இல்லாதவன் மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். ஒட்டி முடித்து, தேய்த்து, நான் அடிப்பூச்சு கொடுத்த பிறகு, எது பழசு எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. அவன் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று நான் நினைக்கிறேன். என் மனைவி பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பார்த்துவிட்டு, "தரை" என்றாள். அவள் அவனைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவள்.

"இனிமே அந்தம்மா தாராளமாக் கால நீட்டி உக்காரலாம்" என்றான் மில்லி. இரண்டு நாளைக்கு அங்கே விரிப்பைப் போட விடவில்லை.

கதவுகளை அவன் தொங்கவிட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். கீல்களில் இருந்த ஆணிகள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டி எடுத்துப் பழைய இரும்புக்காரனின் தொட்டியில் போட்டுவிட்டுப் புது ஆணி இறக்கினான். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. விரலால் தொட்டால் போதும், கதவு தானாகப் போய் டக்கென்று ஒரே சத்தத்தோடு மாட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவன் பலமுறை திறந்து மூடியதை நான் ஒளிந்து நின்று பார்த்தேன்.

இதற்கு நடுவில் டெய்லர் அவனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டுவந்து கொடுத்தார். அளவு எடுக்கவில்லை. எடுக்காமல் எப்படி என்று மில்லி சங்கடப்பட்டான். அவனுக்கு அது நம்ப முடியாத காரியம். டெய்லர் சிரித்துக்கொண்டே, தினமும்தானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரித் தேதிக்குச் சில நாள் முன்னதாகவே வேலை முடிந்தது. ஆய்விலும் இந்தத் தடவை தட்டிப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டார்கள். அந்தம்மாவை ஏற்றி ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்று டெய்லர் சொன்னார். நானும் மில்லியும் வண்டியை அவர் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனோம். மில்லி அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அந்தம்மா வெளியே வந்தார். நல்ல உயரம், நிமிர்ந்த நடை, தலை வாரி முடித்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தவருக்கு, வண்டியைப் பார்த்ததும் முகம் விரிந்தது. என் பச்சை ஜெயித்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. தானாகவே கதவைத் திறந்தார். தானாகவே ஏறி உட்கார்ந்தார். டெய்லர் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அந்தம்மாவின் தலையும் தோளும் கையும்தான் தெரிந்தன. அந்தக் கை கதவின் உள்பக்கக் கைப்பிடிக்குப் போயிற்று, பிடித்தது, மேலே தூக்கியது.

கதவு எழும்பவில்லை. அந்தம்மாதான் ஸீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பினார்.

மறுபடி தூக்கினார். கதவை இழுக்கவே இல்லை. இழுத்திருந்தால் விழுந்திருக்கும், ஒரு விரல் போதுமே. தூக்கிய பிறகுதான் இழுப்பது என்று அந்தக் கைக்குப் பாடம். கை தூக்கியது, கதவு அசையாமல் நின்றது. மூன்றாவது தடவை தூக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வண்டியின் உள்பக்கத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, இது யாரோட வண்டி? அவங்க தேடப்போறாங்க."

அந்தம்மா இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எங்களைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. மில்லி போய் விரலால் தொட்டான். டக்கென்று சாத்திக்கொண்டது. அதைப் போல ஒரு அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

டெய்லர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, காலரிலிருந்த ஊசியைக் கழற்றித் திரும்பக் குத்திக்கொண்டு, தன்மேல்தான் தப்பு என்றார். "அவ தூக்குவான்னு நான் சொல்லியிருக்கணும். தூக்குறதுன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணலியே. கதவுன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்."

திரும்பி வந்து பட்டறைக்குள் வண்டியை நிறுத்திய பிறகுதான் மில்லி வெடித்தான். சரியாக இருக்கிற கதவை எப்படிக் கெடுப்பது, வேறு யாரையாவது வைத்துக் கெடுத்துக்கொள்ளட்டும், தன் கையால் ஒரு கதவைத் தொங்கவிட முடியாது என்றான். டெய்லர் அதைக் கேட்கவே இல்லையே என்று நான் சொன்னேன். கேட்காததுதான் கோபம் என்று எனக்கும் தெரியும். அவரே வந்து கெடுத்துக் கொடு என்று கேட்டிருந்தால், மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மறுநாள் மில்லி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, என் மனைவி அவன் துணியையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டெய்லர் கொடுத்த சட்டையை எடுத்து இரண்டு தோளையும் சேர்த்து மடித்தவள், நிறுத்திவிட்டு, "அண்ணா, இந்தச் சட்டை கோணலா இருக்கு. வலது தோள் இறங்கியிருக்கு பாரு. பாவம், டெய்லருக்கும் வயசாகுது" என்றாள்.

மில்லி எழுந்து வந்து சட்டையை மேஜைமேல் விரித்தான். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தான். இறங்கித்தான் இருந்தது, நன்றாகவே. ஆனால் தையல் பிசகவில்லை. தெரிந்தே வெட்டியது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. தன்னுடைய மற்றச் சட்டையெல்லாம் கழுத்துப் பக்கம் ஏன் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று அவனுக்கு இத்தனை வயதுவரைக்கும் தெரிந்திருக்கவில்லை.

"என் தோளு இறங்கியா இருக்கு?" என்று தங்கையிடம் கேட்டான்.

"வெல்டிங் சிலிண்டரத் தூக்கித் தூக்கி எப்பவோ இறங்கிடுச்சே. உனக்குத் தெரியாதா?" என்றாள் அவள், அடுத்த துணியை எடுத்துக்கொண்டே.

ஊரிலுள்ள கதவையெல்லாம் மில்லிமீட்டரில் பார்க்கிறவன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சட்டைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவனும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய் அந்தக் கதவைக் கழற்றினான்.

பழைய ஆணிகள் இருந்தால் வேலை சுலபம். இரும்புக்காரன் தொட்டியைக் காலிசெய்துகொண்டு போய்விட்டிருந்தான், அவனிடம் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. ஆகையால் மில்லி புது ஆணிகளை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவ ஆரம்பித்தான். அந்தம்மாவின் கை அத்தனை வருஷம் தூக்கித் தேய்த்ததை இவன் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தான். நேராக ஒட்டத் தெரிந்தவன், எவ்வளவு தேய்ந்தால் எவ்வளவு ஆடும் என்று தெரியாமல் தடுமாறினான். மாட்டிப் பார்ப்பான், ஆட்டம் போதாது. கழற்றி ராவுவான், மாட்டினால் கிழட்டுப் பல் மாதிரி ஆடும். ஓர் ஆணி வீணாகிப்போய் இன்னொன்று. "உடம்பு நேராத்தான் இருக்கும் மாப்ள. அதுல நான் கைவைக்க மாட்டேன். கதவு மட்டும் பொய் சொல்லட்டும்" என்றான். சாத்தி விழுந்த பிறகு கதவு கெட்டியாக நிற்கிறதா என்று தோளால் இடித்து இடித்துப் பார்த்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எவ்வளவு தொங்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. அந்தம்மாவைக் கேட்க முடியாது. டெய்லரைக் கூப்பிட்டனுப்பினோம். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் கைக்கு அந்தக் கதவு எப்போதுமே அடங்கியதில்லையே. பிறகு என்ன தோன்றியதோ, என் மனைவியை அந்த ஸீட்டில் உட்காரச் சொன்னார். அவள் குள்ளம். இரண்டு மடிப்புத் துணியை வைத்து அதன்மேல் உட்காரவைத்தார். தான் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு, "இப்ப சாத்தும்மா" என்றார்.

அவள் தூக்கிச் சாத்தினாள். இல்லை என்றார். அந்தம்மாவின் முழங்கை இன்னும் மேலே வரும், கண்ணாடிக்குக் கீழே ஓடும் வெள்ளிப் பட்டையைத் தாண்டி ஒரு விரல் நிற்கும், அப்புறம்தான் இழுப்பார் என்றார். திரும்பிப் பார்த்ததே இல்லையாம். வண்டியைக் கிளப்புகிற நேரத்தில் கடைக்கண்ணில் அந்த முழங்கை ஏறி இறங்கும், அது இறங்கியதும் கியர் போடுவாராம். மில்லி கழற்றினான், ராவினான், மாட்டினான். என் மனைவி சாத்தினாள். கொஞ்சம் அதிகம் என்றார். மறுபடி. என் மனைவிக்குத் தோள் வலி கண்டுவிட்டது. என்னைப் பார்த்து, வீட்டில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத்தர வருஷக்கணக்காகச் சொல்கிறேனே, அது யார் கண்ணிலும் படாதா என்று கேட்டாள். நான் என் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கடக் கடக்கென்று இரண்டு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டெய்லர் நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் கை கியருக்குப் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில் மறுபடியும் அந்த வாசலில் நின்றோம். அந்தம்மாவுக்கு முன்னே நடந்தது எதுவும் நினைவில் இருக்காது என்பது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்த பலம். இந்தத் தடவை என் மனைவியும் வந்திருந்தாள். டெய்லரின் மகள் உள்ளே ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, ஒளிந்துகொண்டிருப்பது மாதிரி பார்த்தாள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம் என்று அவள் என் மனைவியின் காதில் சொன்னாளாம்.

அந்தம்மா வந்தார், வண்டியைப் பார்த்தார், முகம் விரிந்தது. ஏறினார். டெய்லர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. கை கைப்பிடிக்குப் போயிற்று. முழங்கை மெதுவாக ஏறியது, வெள்ளிப் பட்டையைத் தாண்டியது, நின்றது. கதவு அந்தக் கையோடு சேர்ந்து கொஞ்சம் எழும்பிக் கொடுத்தது. ஒரே இழுப்பு. கடக், கடக்.

"என்னங்க, மூட்டை எங்க?" என்றார் அந்தம்மா.

பின்ஸீட்டில், ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்வதற்காக அந்தம்மாவின் துணிகளையே ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார் டெய்லர். அதை எட்டி எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். அந்தம்மா அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, "லேசா இருக்கே, இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இன்னிக்கு இவ்வளவுதான்" என்றார் டெய்லர். ஜன்னல் ஓரத்தில் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மில்லி கதவருகே போனான். வெளியிலிருந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. நிமிரப் போனவன், கண்ணாடி வழியாக உள்ளே கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றான். இறங்கிய வலது தோள் சட்டைக்குள் சரியாக உட்கார்ந்திருந்தது. என்ன என்று நானும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

விரிப்பைப் போட மறந்திருந்தோம். அவன் அடித்த தரை, அந்தக் கோடுகள், மேலே என் பச்சை, எல்லாம் காலை வெளிச்சத்தில் பளிச்சென்று கிடந்தன. அந்தம்மா முழங்காலைப் புருஷன் பக்கம் திருப்பி, இரண்டு பாதத்தையும் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். டெய்லர் கியர் போட்டார். வண்டி குலுங்கி நகர்ந்தது. பாதங்கள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டன.